கல்லான மனிதரும் தெய்வமான கல்லும்: பேராக் குகைக் கதைகளை வாசிக்கும் முறை பற்றி

கேள்வி

பாகான் செராயில் குகை கிடையாது. கிரியான் மாவட்டமே பெரும்பாலும் தட்டை நிலம். புக்கிட் மேரா ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டி 1906இல் முடித்த நீர்ப்பாசனத் திட்டத்தால் விளைந்த நெல்வயல்கள், அவற்றை ஒட்டி முதலில் கரும்பும் பிறகு ரப்பரும் இன்று செம்பனையுமாக முகம் மாறிய தோட்டங்கள், மேற்கே கோலா குராவ், கோலா கூலா பக்கம் சதுப்புக் காடு. கிழக்கே பார்த்தால் பிந்தாங் மலைத்தொடர் தெரியும், அது கருங்கல். பெரிய குகைகள் உள்ள சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே ஈப்போவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மலைத்தொடரைத் தாண்டி லெங்கோங்குக்குப் போக வேண்டும்.

ஆனாலும் இந்தத் தட்டை நிலத்துத் தமிழர்களிடம் கல்லைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசம் வந்தால் பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலை என்று ஆளுக்கொரு மலை. கம்பத்துப் பிள்ளைகளோடு படித்தவர்களுக்கு மனிதரை விழுங்கும் பாறையின் மலாய்க் கதையும் மனப்பாடம். தோட்டத்துக்குத் தோட்டம் மரத்தடியில் ஒரு கல், அதற்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு கதை.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். பாறையையும் குகையையும் பற்றிய நாட்டார் கதை அந்தக் கல்லிலிருந்து முளைக்கிறதா, அல்லது ஆட்கள் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து அதன்மேல் ஏற்றுகிறார்களா? பின்னதுதான் சரியென்றால், பேராக் குன்றுகளின்மேல் தமிழர் ஏற்றியதற்கும் மற்றவர்கள் ஏற்றியதற்கும் என்ன வேறுபாடு?

இதுவரை சொல்லப்பட்டவை

முதல் விளக்கம், கதை என்பது பழைய நினைவு என்பது. குகையில் ஒரு காலத்தில் மனிதர் வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றிய மங்கலான நினைவே அரக்கர், தேவதை, கல்லானவர் கதைகளாக மிஞ்சியது என்று இதை நம்புகிறவர்கள் சொல்வார்கள். பேராக்கில் இந்த எண்ணம் எழுவதற்கு இடம் உண்டு. தைப்பிங் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த லெனார்ட் ரே, பேராக்கின் குகைவாசிகளைப் பற்றி 1897இலேயே எழுதிவிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1991இல், லெங்கோங்கின் குவா குனோங் ருந்து குகையில் ஜுரைனா மஜீத் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டை எடுத்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது அது. கால்களை மடக்கி, சிப்பிகளும் கல்லாயுதங்களும் உடன்வைத்து, மரியாதையோடு புதைக்கப்பட்ட ஒருவர். கையில் பிறவிக் குறை இருந்தது. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் பத்தாயிரம் ஆண்டு நினைவு என்பது பெரிய கோரிக்கை. அதற்கு ஈடான சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்று எதையும் இந்த விளக்கத்தைச் சொல்கிறவர்கள் முன்வைப்பதில்லை; குகையும் பழையது, கதையும் பழையது, ஆகவே இரண்டும் ஒன்று என்கிறார்கள். நம் பக்கத்து உதாரணம் ஒன்றே இதைத் தடுத்து நிறுத்தப் போதும். மதுரை வட்டாரத்துக் குன்றுகளில் சமண முனிவர்களுக்காகப் படுக்கை வெட்டி, தமிழ் பிராமியில் கொடையாளர் பெயரையும் பொறித்து வைத்தார்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் மறைந்த பிறகு, ஊரார் அவற்றுக்கு வைத்த பெயர் பஞ்சபாண்டவர் படுக்கை. கீழவளவுக் குன்றும் அப்படித்தான் பஞ்சபாண்டவர் மலை ஆயிற்று. உண்மையில் அங்கே தங்கியவர்கள் யார் என்பதைக் கதை கொஞ்சமும் நினைவில் வைத்திருக்கவில்லை. கல்லிலேயே எழுதி வைத்த இடத்திலேயே நினைவு இப்படி என்றால், எழுதாத இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது விளக்கம், உருவமே கதையைத் தருகிறது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புக் கல்லை அரிக்கிறது. அரித்ததைக் குகைக்கூரையில் சொட்டுச் சொட்டாகக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலும் கூரையிலும் படியவிட்டுப் போகிறது. அப்படி எழுந்த தூணில் லிங்கத்தையோ நின்ற கோலத்தையோ பார்க்காத கண் இருக்காது. கோப்பெங் அருகே குவா தெம்புரோங் என்ற பெயரே சிரட்டை கவிழ்த்தது போன்ற அதன் கூரையால் வந்தது என்பார்கள். ஆனால் சிரட்டை ஒரு பெயராக நின்றுவிடுகிறது, கதையாவதில்லை. ஒரே உருவம் ஒருவருக்குப் பெயராகவும் இன்னொருவருக்குத் தெய்வமாகவும் ஆவது ஏன் என்பதற்கு உருவத்தில் விடை இல்லை.

இங்கிலாந்தின் மேட்டுப் புல்வெளிகளிலிருந்து ஒரு சான்று

கதையைத் தேதியிட ஒரு வழி உண்டு. அதைத் தெளிவாகக் காட்டுகிற இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு. அங்கே கார்ன்வாலின் போட்மின் மேட்டில் 'ஹர்லர்ஸ்' எனப்படும் மூன்று கல்வட்டங்கள் இருக்கின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமை. ஞாயிற்றுக்கிழமையில் பந்து விளையாடியதற்காகக் கல்லாக்கப்பட்டவர்கள் என்பது அவற்றின் கதை. 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வில்லியம் கேம்டன் அதைக் குறித்திருக்கிறார். அதே கார்ன்வாலில் 'மெரி மெய்டன்ஸ்' என்ற வட்டம், ஞாயிறன்று நடனமாடிய பெண்கள். பக்கத்து டார்ட்மூரில் 'போர்மனின் மூக்கு' என்ற கருங்கல் அடுக்கு, சூனியக்காரிகள் கல்லாக்கிய வேட்டைக்காரன்.

கல் வெண்கலக் காலத்தது. ஆனால் ஞாயிறன்று விளையாடுவது பாவம் என்று மிரட்ட, ஞாயிறும் வேண்டும், பாவமும் வேண்டும், மிரட்டுகிற பாதிரியாரும் வேண்டும். ஆக, கதை கல்லின் வயதைச் சொல்லவில்லை. சொன்னவர்களின் கவலையைச் சொல்கிறது. இந்த அளவுகோலைத்தான் பேராக்குக்குக் கொண்டுவர நினைக்கிறேன்.

சேற்று மீனும் விழுங்கும் பாறையும்

மலாய் உலகத்தில் மிகப் பரவலான பாறைக் கதை 'பத்து பெலா பத்து பெர்தாங்குப்'. 1959இல் ஜமில் சுலோங் படமாகவும் எடுத்தார். ஏழைத் தாய் ஒருத்தி ஆசைப்பட்டு மீன்முட்டை சமைத்து வைக்கிறாள்; அவள் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் தின்று தீர்க்கின்றன; மனம் உடைந்த தாய், திறந்து மூடும் பாறையிடம் தன்னை விழுங்கச் சொல்லிப் போய்விடுகிறாள். பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் அந்த மீன் தெம்பாக்குல். கோலா குராவ் சேற்றில் வற்று நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதைத் தெரியும்: விரல் நீளம், தலைமேல் துருத்திய கண், துடுப்பை ஊன்றிச் சேற்றின்மேல் துள்ளி நடக்கும், ஆள் நிழல் பட்டால் வளைக்குள் மறையும். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் அதற்கு வேலையே இல்லை. அது உப்புநீர்ச் சதுப்பின் உயிர்.

இந்தச் சின்ன விவரத்தைக் கதை தொகுத்தவர்கள் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பாறையின் வாய் மலைநாட்டுக்குரியதாக இருக்கலாம். அந்த வாய்க்குள் போகிறவளின் அடுப்பு கழிமுகத்தில் எரிகிறது. வற்று பார்த்து மீன் பிடித்துப் பிள்ளை வளர்த்த கரையோரக் குடும்பத்தின் வறுமையும் மனத்தாங்கலுமே கதையின் உடம்பு. கரையோர மக்கள் தங்கள் துக்கத்தைச் சுமந்துபோய்ப் பாறையில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

பத்துமலையின் மலாய்க் கதையும் இதே வழிதான். தாயைத் தாயென்று ஒப்புக்கொள்ளாத மாலுமி சி தாங்காங்கின் கப்பல் கல்லாயிற்று என்பது கதை. அந்தக் கப்பல்தான் பத்துமலை என்று ஒரு வழக்கு. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே நிற்கும் குன்று கப்பலாவதற்கு, சொன்னவர்கள் கப்பலேறிச் சம்பாதித்துத் திரும்பாத பிள்ளைகளைப் பெற்றவர்களாக இருக்க வேண்டும். (அதே குன்றில் தமிழர் கொண்டாடுவது தாய் கையால் மகன் வேல் வாங்கிய நாள். இதை ஒரு தற்செயல் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.)

உள்நாட்டுக் கதைகள் வேறு. பேராக்கிலும் பகாங்கிலும் சொல்லப்படும் சாங் கெலெம்பாய் ஓர் அரக்கி. அவள் யாரை அழைத்துப் பேசினாலும் அவர்கள் கல்லாவார்கள். வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' காலத்திலிருந்தே இந்த வகைக் கதைகள் பதிவாகி வருகின்றன. காட்டு மக்களிடையே இன்னொரு நம்பிக்கை: விலங்கைக் கேலி செய்து சிரித்தால் இடி இறங்கும், வெள்ளம் எழும்; சில வடிவங்களில் வீடும் ஆளும் கல்லாகிவிடும். தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் பொதுவான இந்த நம்பிக்கையை ராட்னி நீதம் 1964இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். இரண்டிலும் குற்றமும் ஆபத்தும் வாயிலிருந்துதான் வருகின்றன. காட்டில் கண்டதைச் சொல்லாதே, கேட்டதற்குப் பதில் கொடுக்காதே என்ற கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவர்களுக்குக் கல் என்பது அடக்காத வாய்க்கு வந்த தண்டனை.

இந்தக் கதைகளில் போர்மனின் மூக்கிலிருந்து பத்துமலை வரை ஒன்று பொது. மனிதன் கல்லாகிறான், அதோடு முடிகிறது. கல் ஒரு முற்றுப்புள்ளி.

கல்லுமலை

ஈப்போ குனோங் செரோவைத் தமிழர் கல்லுமலை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயத்தால் ஊர் பெருத்தபோது, இந்தக் குன்றின் குகைக்குள் முருக வழிபாடு தொடங்கியது. இன்றைக்குப் பெரிய கோயில் குன்றின் அடியில், குகைக்கு வெளியே நிற்கிறது. தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் இங்கே வந்து சேர்கின்றன.

பத்துமலையின் தொடக்கமும் இதை ஒத்ததுதான். தம்புசாமிப் பிள்ளை குகைவாயின் வடிவத்தில் வேலைக் கண்டு, 1890களின் தொடக்கத்தில் அங்கே வழிபாட்டுக்கு வழிசெய்தார்; 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. பாறையில் உருவம் தெரிந்தது, கனவில் வந்து சொன்னது, விளக்கு வெளிச்சம் கண்டது என்று இந்த நாட்டின் தமிழ்க் கோயில்களின் தோற்றக் கதைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றில்கூட மனிதன் கல்லாகவில்லை. கல் யாராக இருந்தது, எப்படி மலையாயிற்று என்ற கேள்வியே எழவில்லை. ஏற்கெனவே கிடந்த கல், ஒரு நாள் ஒருவர் கண்ணில் தெய்வமாகப் பட்டது. கதை அங்கே தொடங்குகிறது.

தமிழருக்குக் கல்லாவதைத் தெரியாமல் இல்லை. அகலிகையை அறியாத வீடு உண்டா? ஆனால் அகலிகைகூடக் கல்லாகவே நின்றுவிடுவதில்லை, எழுந்துவிடுகிறாள். அதைவிட நெருங்கிய மரபு நடுகல். போரில் மாண்டவனுக்கு நட்ட கல்லுக்குத் தொல்காப்பியம் அடுக்கும் படிகளில் முதலாவது காட்சி: ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. அப்புறம்தான் எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. இறந்தவன் கல்லில் வந்து தெய்வமாகிறான். கல்லுமலையிலும் பத்துமலையிலும் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் முதல் படி மட்டும் துல்லியமாகப் பொருந்துகிறது. கண்டார்கள். எடுக்க முடியாத அளவு பெரிய கல் என்பதால் அங்கேயே படையல் வைத்தார்கள்.

ஏன் காட்சி மட்டும் போதுமாயிற்று? இடத்துக்கு முன்கதை சொல்ல, அந்த இடத்தில் முன்னோர் வேண்டும். சஞ்சி ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கும், பிறகு கங்காணி கூட்டிவந்தவர்களுக்கும் ஈப்போ இருக்கும் கிந்தாவில் பாட்டன் இல்லை. இந்த மலை ஒரு காலத்தில் எங்கள் ஆள் என்று சொல்ல வாய் வராது. ஆனால் தெய்வத்துக்குப் பாட்டன் வேண்டியதில்லை. முருகன் எங்கே மலையைக் கண்டாலும் அவனுடையது. முன்கதை சொல்ல முடியாதவர்கள் காட்சிக் கதை சொன்னார்கள். மலாய்க் கதைகள் இந்த மண்ணின் பழையவர்களாகப் பேசுகின்றன, தமிழ்க் கதை வந்து இறங்கியவர்களின் கதையாகப் பேசுகிறது. ஈப்போவின் சீனக் குகைக்கோயில்களும் இதையே வேறு விதத்தில் செய்தன: துறவி ஒருவர் வந்து தங்கினார், அல்லது பேராக் தோங்கைப் போல் 1926இல் சீனாவிலிருந்து வந்த தம்பதி கட்டினார்கள். அங்கும் கதை வருகையிலிருந்தே தொடங்குகிறது.

எதிர்ச்சான்று

இவ்வளவு நேராகப் பிரித்தால் சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வருகிறது. மலாய் மரபில் கல் எப்போதும் முற்றுப்புள்ளி என்பது உண்மையில்லை. ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1924இல் கெராமாட் எனப்படும் புனித இடங்களை வகைப்படுத்தியபோது, முதலில் வைத்தவை பாறை, குன்றுச்சி, முனை போன்ற இயற்கைப் பொருள்களைத்தான். அவற்றின்முன் நேர்த்திக்கடன் வைத்தார்கள், மஞ்சள் சோறு படைத்தார்கள். அங்கே கல் வணங்கப்படுகிறது. அந்தக் கெராமாட்டுகளில் பலவற்றுக்குச் சீனர் தாத்தோ கோங் என்று பெயரிட்டுச் சிவப்பு வீடு கட்டினார்கள். தோட்டத் தமிழரும் போகிற போக்கில் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

இந்தச் சான்றை ஒதுக்க முடியாது. ஆனால் இது வாதத்தை உடைப்பதைவிடத் திருத்துகிறது என்றே எண்ணுகிறேன். இன எல்லை வேறு, கதை வகையின் எல்லை வேறு. நேர்த்திக்கடன் வைக்கும் இடத்தில் எந்த இனத்தவரும் காட்சிக் கதைதான் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்கும் இடத்தில், கண்டிக்கும் இடத்தில், கல்லானவர் கதை. மலாய்க்காரரிடம் இரண்டும் இருந்தன. பேராக் தமிழரிடம் முதலாவது மட்டும் உள்ளூரில் விளைந்தது. இரண்டாவதை இராமாயணத்திலிருந்தும் பக்கத்துக் கம்பத்திலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டார்கள். இந்த இடைவெளியைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். ஸ்கீட் ஆகட்டும் வின்ஸ்டெட் ஆகட்டும், லயத்து வாசலில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள் அல்லர். தீபகற்பத்தின் நாட்டார் வழக்கு என்று அவர்கள் எழுதியதில் தோட்டத்துப் பாட்டிகளுக்கு இடமில்லை. அந்தப் பாட்டிகள் எதையாவது கல்லானவர் கதையாகச் சொல்லியிருந்தாலும் அந்த ஏடுகளில் அது ஏறியிருக்காது. லெங்கோங்கின் குவா படாக் குகைச் சுவரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டு மக்கள் கரியால் வரைந்தவற்றை ஐவர் எவன்ஸ் பார்த்துக் குறித்ததால்தான் நமக்குத் தெரிகிறது. ஈப்போ அருகே தம்புன் பாறை ஓவியங்கள், நூற்றுக்கணக்கான செவ்வுருவங்கள், 1959 வரை ஆய்வுலகுக்குத் தெரியாமல் இருந்தன; கூர்க்கா படைப்பிரிவு அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டபோதுதான் செய்தியாயின. சுவரில் இருப்பதே இப்படி என்றால், வாய்மொழி எவ்வளவு போயிருக்கும்?

விழும் கல், நகரும் கல்

சுண்ணாம்புக் குன்றைத் தூரத்தில் இருந்து பார்த்தால் நிலையானது போலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அடிவாரத்தில் பழைய சதுப்புநீர் அரித்த பள்ளம் இடுப்பளவுக்கு உள்வாங்கியிருக்கும். மேலே பாறை வெளியே தள்ளி நிற்கும். முகப்பு சாம்பல் நிறம், நீர் வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. இடையில் எங்காவது வெளிர்மஞ்சளோ செம்மையோ கலந்த பளிச்சென்ற திட்டு தெரிந்தால், அங்கிருந்து அண்மையில் ஒரு துண்டு விழுந்திருக்கிறது என்று பொருள்.

1973 அக்டோபரில் குனோங் செரோவின் ஒரு பக்கம் அப்படிப் பெயர்ந்து, அடிவாரத்து வரிசை வீட்டின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். ஈப்போவின் நினைவில் பெரிய துயரம் அது. பாறை திறந்து மூடி மனிதரை விழுங்கும் கதை இந்த மண்ணில் சும்மா வந்ததா என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், ஆனால் மேலே நினைவு விளக்கத்தை மறுத்துவிட்டு இங்கே அதையே பின்வாசல் வழியாக உள்ளே விடக் கூடாது. அந்தக் கதை வழங்கும் இடங்களில் பலவற்றில் சுண்ணாம்புக் குன்றே இல்லை. பாறை விழும் பயம் கதைக்குக் காதைத் திறந்துவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கிரியான் தோட்டங்களுக்குத் திரும்பினால் வேறொரு காட்சி. குகை இல்லாத நாட்டில் கல்லை ஆள்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும். தோட்டத்து முனீஸ்வரன் பெரும்பாலும் முழங்கால் உயரக் கல்; எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்து, மஞ்சளும் குங்குமமும் வரிவரியாகக் காய்ந்திருக்கும். பக்கத்தில் சூலம், அதன் நுனியில் எலுமிச்சம்பழம், படையலில் சுருட்டு. நடுகல்லின் மற்றப் படிகள் எல்லாம் இங்கே கிடைக்கின்றன: எடுத்தல், நீராட்டுதல், நடுதல், படைத்தல். கல்லுமலையில் இயலாதது இங்கே இயன்றது, கல் சிறியது என்பதால்.

அதே காரணத்தால் அந்தக் கல் இடம்பெயரவும் முடிந்தது. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது, லயங்கள் காலியானபோது, சனம் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் போயிற்று. சில இடங்களில் கல்லையும் முறைப்படி கலையிறக்கி எடுத்துப் போனார்கள். சில இடங்களில் செம்பனைக்கு நடுவே விட்டுவிட்டார்கள், ஆடிக்கு மட்டும் வந்து பார்க்கிறார்கள். கல்லை எடுத்துப் போனவர்களிடம் புதுக் கதை ஒன்று சேர்ந்துவிடுகிறது: சாமி வர மறுத்தது, லாரி நின்றது, கனவில் வந்து இடம் காட்டியது. விட்டுப் போனவர்களிடம் இருப்பது வேறு கதை, பெரும்பாலும் தண்டனைக் கதை: கல்லைத் தள்ளிய இயந்திரம் பழுதானது, ஓட்டியவன் படுத்துவிட்டான்.

அந்த இரண்டாவது வகையை நான் கூர்ந்து கேட்கிறேன். முன்கதை இல்லாமல் வந்தவர்கள் மூன்று நான்கு தலைமுறை இருந்த பிறகு, கண்டித்துப் பேசும் கல்லை உள்ளூரிலேயே உண்டாக்கியிருக்கிறார்கள். சாங் கெலெம்பாய்க்கு அடங்காத வாய் குற்றம், போட்மின் மேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை குற்றம், கிரியான் தோட்டத்துக்குப் புல்டோசர் குற்றம். இந்தக் கதைகளை எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கல் எங்கே போயிற்று என்ற விவரத்தோடு தொகுக்க வேண்டிய வேலை இருக்கிறது. லயத்தில் பிறந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பாகான் செராய், பாரிட் புந்தார் தாமான்களிலேயே அவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.